மேல்மாடிக்கு யாரு ஏறுவா?

யூடியூப்பில ஒரு வீடியோ பார்த்ததில இருந்து எனக்கு ஒரே கடுப்பு.

சென்னை ஸ்பென்சர் பிளாசாவுக்குள்ள ஒரு பொடியன் கேமராவைத் தூக்கிட்டு நடக்கிறான். பின்னால பேய்ப்பட மியூசிக். ஷட்டர் போட்ட கடை ஒண்டு வந்தா குரலைத் தாழ்த்துறான். லைட் இல்லாத காரிடார் வந்தா பெருமூச்சு விடுறான். ஒரு மூலையில ஒரு அம்மா பிளாஸ்டிக் கதிரையில இருந்து சோத்துப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. அவட கடை வாசல் அது. அவவைத் தாண்டிப் போய் கேமராவைப் பார்த்து, "இங்க மனுஷ நடமாட்டமே இல்ல மக்களே" எண்டு சொல்றான்.

டேய்! அப்ப அந்த அம்மா யாரு?

(தேடிப் பார்த்தா இப்பிடி வீடியோ ஏகப்பட்டது இருக்கு. "செத்த மால்", "பேய் மால்", "ஒரு காலத்தில..." எல்லாத்துக்கும் ஒரே மியூசிக். ஒரே கடையில வாங்கினாங்க போல.)

சிலாபத்தில இருந்துகிட்டு உனக்கு எதுக்கு சென்னை மாலைப் பத்திக் கவலை எண்டு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். எங்க ஊர்ல மால் எண்டு சொல்ல ஒண்டும் இல்ல. சந்தை இருக்கு. பஸ் ஸ்டாண்டைச் சுத்திக் கடைகள் இருக்கு. ஃபுட் சிட்டி இருக்கு. நண்டும் இறாலும் இருக்கு. முன்னேஸ்வரம் திருவிழா வந்தா கோயிலடியில வளையல்ல இருந்து வாளி வரைக்கும் விரிச்சு வச்சிருப்பாங்க. அதில ஒரு சுத்து சுத்தினா ஒரு வருஷத்துக்குப் போதும்.

ஆனா எங்கட ஆக்கள்ள பாதிப் பேருக்கு ஸ்பென்சர் பிளாசா தெரியும். கொழும்பில இருக்கிற சில மால்களை விட நல்லாத் தெரியும். காரணம் கலியாணம். கலியாணம் எண்டா இந்தியா போய் உடுப்பெடுக்கிறது எண்டு ஒரு வழக்கம் இருக்கே. கட்டுநாயக்கவுக்கு சிலாபத்தில இருந்து நீர்கொழும்பு வழியா நேரே போயிடலாம். கொழும்புக்காரனை விட எங்களுக்கு ஏர்போர்ட் லேசு. பிளேன்ல ஏறி ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள மெட்ராஸ். சாரிக்கு டி.நகர், நகைக்கும் டி.நகர், மிச்சம் எல்லாத்துக்கும் ஸ்பென்சர். சப்பாத்து, பேக், சல்வார், சின்னதுகளுக்கு விளையாட்டுச் சாமான், இங்க இருக்கிறவங்களுக்குக் குடுக்கிற சில்லறைப் பரிசு எல்லாம் அங்கதான். எங்க மாமா ஒருத்தர் அப்ப சாரி யாபாரம். "ஸ்பென்சர்ல வாங்காதீங்க, பார்த்திட்டு வாங்க, அதே சாமானை நான் பாரிஸ் கோர்னர்ல பாதி விலைக்கு எடுத்துத் தாறேன்" எண்டு சொல்லுவார். எங்களுக்கு சாமானா முக்கியம்? ஏசிதான் முக்கியம்.

உண்மையில ஸ்பென்சர்ட கதை மால் கதை மட்டும் இல்ல. அதுதான் அந்தப் பொடியன்ல எனக்கு ரெண்டாவது கோபம். 1863லேயே மெட்ராஸ்ல சார்ல்ஸ் டுரான்ட் எண்டு ஒருத்தர் தொடங்கின யாபாரம் அது. அடுத்ததா ஜே.டபிள்யு. ஸ்பென்சர் எண்டவர் பங்காளியா வந்து சேர்றார். பேர் அவர்ட, ஆனா அதைப் பெரிசாக்கினது யூஜின் ஓக்‌ஷாட் எண்டவர். 1895ல மவுண்ட் ரோட்டில பெரிய கட்டிடம் கட்டி அங்க போயிட்டாங்க. அந்தக் காலத்திலேயே எண்பதுக்கு மேல பிரிவுகள் உள்ள கடை. வெள்ளைக்கார துரைக்குத் தொப்பியும் அங்கதான், துரைசானிக்கு ஜாமும் அங்கதான். ஸ்பென்சர் சோடா, திண்டுக்கல்ல சுத்தின ஸ்பென்சர் சுருட்டு, ரயில் ஸ்டேஷன்கள்ள ஸ்பென்சர் சாப்பாட்டு அறை, பக்கத்திலேயே கன்னிமாரா ஹோட்டல் எண்டு கை வைக்காத தொழில் இல்ல.

இங்க நம்ம பக்கம் கார்கில்ஸ் இருந்த மாதிரி எண்டு வச்சுக்கொள்ளுங்க. கார்கில்ஸ் 1844ல தொடங்கினது. ஸ்பென்சருக்கே அண்ணன். கொழும்பு கோட்டையில இருக்கிற அந்தச் சிவப்புக் கட்டிடத்தை 1906ல திறந்தாங்க. ரெண்டுமே துரைமாருக்கு எண்டு தொடங்கி, துரைமார் போன பிறகு என்ன செய்யிறது எண்டு யோசிச்ச கடைகள். கார்கில்ஸ் 1983ல சூப்பர் மார்க்கெட் போட்டுது, அதுதான் இண்டைக்கு சிலாபம் வரைக்கும் வந்த ஃபுட் சிட்டி. ஸ்பென்சருக்கு வேற விதி.

80களின் தொடக்கத்தில அந்தப் பழைய கட்டிடத்தில தீ பிடிச்சிட்டுது. செங்கல் வளைவும் கோபுரமும் வச்ச அழகான கட்டிடம் எண்டு பழைய ஆக்கள் சொல்லிக் கேட்டிருக்கேன், படம்தான் பார்த்திருக்கேன். 1985ல மெட்ராஸ் மூர் மார்க்கெட்டும் எரிஞ்சுது. ஒரு ஊர்ட ரெண்டு பெரிய கடைத்தெரு ஒரே பத்து வருஷத்துக்குள்ள நெருப்புக்குப் போச்சு. மூர் மார்க்கெட் நிண்ட இடம் ரயில் ஸ்டேஷனாப் போச்சு. ஸ்பென்சர் நிண்ட இடத்தில பிளாசா வந்திச்சு.

1991ல திறந்தாங்க. அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க.

இந்தியா வெளிநாட்டு யாபாரத்துக்குக் கதவைத் திறந்து விட்டதும் 1991லதான். அதுவரைக்கும் அங்க வெளிநாட்டுச் சாமான் எண்டா பர்மா பஜார்ல ஒளிச்சு வச்சு விக்கிறதுதான். எங்களுக்கு அது 1977லேயே நடந்து முடிஞ்சுது. ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்து திறந்து விட்ட பிறகு கொழும்புப் பெட்டா முழுக்க ஜப்பான் ரேடியோவும் கசெட் பிளேயரும்தான். அதனால 80கள்ள மெட்ராஸ் சொந்தக்காரங்க எங்க ஆக்களைக் கண்டா கேக்கிறது ஒண்டே ஒண்டுதான்: "ஃபோரின் சாமான் ஏதும் கொண்டு வந்தீங்களா?" லக்ஸ் சோப்புக்குக் கூட மதிப்பு இருந்த காலம் எண்டு அம்மா சொல்லுவா. திரும்பி வரேக்க நாங்க சாரி கொண்டு வருவோம். ரெண்டு பக்கமும் சந்தோஷம்.

ஸ்பென்சர் பிளாசா திறந்த பிறகு அந்த மரியாதை போச்சு. "அதெல்லாம் இப்ப ஸ்பென்சர்லேயே கிடைக்குதே" எண்டாங்க. (எங்கட லக்ஸ் சோப்பை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனதோட சரி.)

கட்டிடம் ஒரே தடவையில வந்ததில்ல. ஃபேஸ் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு அடுத்தடுத்துக் கட்டி ஒட்டினது. மொத்தம் சுமார் 10 லட்சம் சதுர அடி. ஒரு காலத்தில தெற்காசியாவிலேயே பெரிசு எண்டு சொன்னாங்க. பெரிசோ இல்லையோ, வழி தவறுறதுக்கு அதை விட நல்ல இடம் இல்ல. ஃபேஸ் ரெண்டுல வளையல் பார்த்துக்கிட்டு இருப்பீங்க, ரெண்டு திருப்பம் திரும்பினா ஃபேஸ் ஒண்டுல நிப்பீங்க, வந்த வழி எங்க எண்டு தெரியாது. எங்க பெரியம்மா அங்க ஒரு சாண்ட்விச் கடையை அடையாளம் வச்சிருந்தா. "என்ன நடந்தாலும் அந்தக் கடைக்கு முன்னால வந்து நில்லுங்க" எண்டு உத்தரவு. பிறகொரு முறை போனா அந்தக் கடையே இல்ல. பெரியம்மாட முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

கசெட் வாங்க மியூசிக் வேர்ல்ட். புத்தகம் பார்க்க (வாங்க இல்ல, பார்க்க) லேண்ட்மார்க். லேண்ட்மார்க்ல நிலத்தில குந்தி இருந்து ஒரு முழு நாவலைப் படிச்சு முடிச்ச சாதனையாளர் எங்க வீட்டில இருக்கார், பேர் சொல்ல மாட்டேன். ரெண்டு கடையுமே இப்ப அங்க இல்ல. கசெட்டே இல்லாத உலகத்தில மியூசிக் வேர்ல்ட் எதுக்கு?

ஆனா எனக்கு ஸ்பென்சர் எண்டாலே காஷ்மீர்க் கடைகள்தான். வெள்ளைக்காரங்களுக்காக வந்த கடைகள் அது. பக்கத்தில கன்னிமாரா, தாஜ் எண்டு ஹோட்டல்கள். அங்க தங்குற சுற்றுலாக்காரங்க நடந்து வந்து கம்பளம், சால்வை, கடதாசிக் கூழ்ல செஞ்ச வர்ணப் பெட்டி எல்லாம் வாங்கிட்டுப் போவாங்க. எங்களைக் கண்டாலும் கூப்பிடுவாங்க. ஒரு வயசான கடைக்காரர். அவர் ஒரு சால்வையை உதறி விரிச்சார். பிறகு விரல்ல இருந்த மோதிரத்தைக் கழட்டினார். சால்வைட ஒரு மூலையைச் சுருட்டி மோதிரத்துக்குள்ள விட்டு மத்தப் பக்கத்தால மெல்ல இழுக்க இழுக்க, ஆள் உயரச் சால்வை முழுக்க அந்த மோதிரத்துக்குள்ளால வந்திட்டுது. நான் வாயைப் பிளந்துகிட்டு நிண்டேன். அம்மா அசையவே இல்ல.

"எவ்வளவு?"

அவர் டாலர்ல சொன்னார். அம்மா சிரிச்சா. அவர் இந்தியக் காசுல சொன்னார். அம்மா பேக்கைத் தூக்கித் தோள்ல போட்டா. உடனே நல்ல தமிழ்ல, "சிலோனா அம்மா?" எண்டு கேட்டார். "ஓம்" எண்டதும் விலை இன்னும் கொஞ்சம் இறங்கிச்சு. பிறகு நடந்தது சிலாபம் மீன் வாடியில விடியக் காலம நடக்கிற பேரம்தான். ஒரே வித்தியாசம், அங்க நண்டுட்டக் கையில கடி வாங்குற ஆபத்து இல்ல. கடைசியில சால்வை எங்கட வீட்டுக்கு வந்திச்சு. சிலாபத்து வெயிலுக்கு பஷ்மினா சால்வை! அது இன்னும் அலுமாரியில நப்தலின் உருண்டையோட தூங்குது.

சரி. இவ்வளவு நல்லா ஓடின இடம் எப்பிடி இறங்கிச்சு?

எல்லாரும் சொல்ற பதில், புது மால் வந்திச்சு, ஆக்கள் அங்க போயிட்டாங்க. அது சரிதான். 2010ல எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்திச்சு. ஸ்பென்சர்ல இருந்து நடந்து போகலாம், அவ்வளவு கிட்ட. 2013ல வேளச்சேரியில ஃபீனிக்ஸ். அதுக்கு நடுவில அண்ணா சாலையை (பழைய மவுண்ட் ரோட்தான்) மெட்ரோ வேலைக்கு எண்டு வருஷக் கணக்காத் தோண்டிப் போட்டாங்க. ஒரு பக்கம் தகரத் தடுப்பு, மத்தப் பக்கம் ஒரு வழிப் பாதை. அந்தப் பக்கம் போறதே ஒரு தண்டனை. 2019 பெப்ரவரியில மெட்ரோ ஓடத் தொடங்கேக்க எல்.ஐ.சி. ஸ்டேஷன் ஸ்பென்சருக்குக் கிட்டவே வந்து நிண்டுது. நல்ல காலம் பிறந்திச்சு எண்டு பார்த்தா, அடுத்த வருஷம் கொரோனா.

இதெல்லாம் உண்மை. ஆனா இது மட்டும் எண்டா, மெட்ரோ வந்த பிறகு எழும்பி இருக்கணுமே. எனக்கு வேற ஒரு சந்தேகம் இருக்கு. அது மேல்மாடியில இருக்கு.

எந்த ஊருக்கும் போய்ப் பாருங்க. நகரசபை கட்டின ரெண்டு மாடி, மூண்டு மாடி கடைத் தொகுதி ஒண்டு கட்டாயம் இருக்கும். கீழ் மாடியில இடமே கிடைக்காது. ஃபோன் கடை, ஃபேன்சி கடை, பேக்கரி எண்டு நெருக்கித் தள்ளும். முதலாம் மாடியில ஒரு டெய்லர், ஒரு டியூஷன் வகுப்பு, ஒரு லோயர் ஒஃபிஸ். ரெண்டாம் மாடியில புறா. மூண்டாம் மாடியில அரசியல் கட்சிட பழைய பேனர். எங்கட ஆக்கள் கோயில் மலைக்கு எத்தனை படி எண்டாலும் ஏறுவாங்க, சாமான் வாங்க பதினைஞ்சு படி ஏற மாட்டாங்க. நானும்தான்.

ஸ்பென்சரும் அப்பிடித்தான் வாடிச்சு. கீழ லைட் எரியும், ஆக்கள் இருப்பாங்க. மேல போகப் போக ஷட்டர். அந்த யூடியூப் பொடியன் கீழ ஒரு நிமிஷம் கூட எடுக்கல. நேரா மேல ஏறிட்டான். கீழ எடுத்திருந்தா வீடியோக்குப் பேர் வைக்க ஏலாதே!

மேல்மாடிப் பிரச்சினை உலகத்துக்கே பொதுவானது. மூடின, ஏசி போட்ட மால் எண்டதை முதல்ல கட்டிக் காட்டினவர் விக்டர் குரூன். வியன்னாவில பிறந்த யூதர். ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள்ள வந்த 1938ல அமெரிக்காவுக்கு ஓடினவர். அவர் 1956ல மினசோட்டாவில சவுத்டேல் எண்ட மாலைக் கட்டேக்க, ரெண்டு மாடி வைக்கணும், ஆனா சனம் மேல ஏறாது எண்ட இதே சிக்கல். என்ன செஞ்சார் தெரியுமா? கார் பார்க்கை ரெண்டு மட்டத்தில வச்சார். ஒரு பக்கம் காரை நிப்பாட்டினா கீழ் மாடிக்குள்ள நடக்கலாம், மத்தப் பக்கம் நிப்பாட்டினா மேல் மாடிக்குள்ள நடக்கலாம். ரெண்டுமே "கீழ்" மாடி! நடுவில எஸ்கலேட்டர். எனக்கு இதைப் படிச்சப்ப கை தட்டணும் போல இருந்திச்சு. எங்கட நகரசபைக்காரங்க ஒருத்தராவது இதைப் படிச்சிருந்தா அந்தப் புறாக்களுக்கு வீடு இருந்திருக்காது.

(குரூன் கதைக்கு ஒரு சோக வாலும் இருக்கு. அவர் நினைச்சது மாலைச் சுத்தி வீடு, பள்ளிக்கூடம், பூங்கா எண்டு ஒரு ஊரே வரும் எண்டு. வந்தது கார் பார்க் மட்டும்தான். வெறுத்துப் போய் வியன்னாவுக்கே திரும்பிப் போனார், இந்த மால்களுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல எண்டும் சொல்லிட்டார். 1976ல வியன்னாவுக்குப் பக்கத்திலேயே ஒரு ராட்சத மால் திறந்தாங்க. விதி எண்டா அதுதான்.)

அமெரிக்காவில செத்த மால்கள் நிறைய. உண்மையாவே செத்தது. சிகாகோவுக்குப் பக்கத்தில டிக்ஸி ஸ்குவேர் எண்டு ஒண்டு, 1966ல திறந்து 1978ல மூடிட்டாங்க. பன்னிரண்டு வருஷம்தான் ஆயுசு. மூடின பிறகு ஒரு சினிமாக்காரங்க அதுக்குள்ள காரை ஓட்டி உடைச்சுப் படம் எடுத்தாங்க. பிறகு முப்பது வருஷத்துக்கு மேல அது அப்பிடியே நிண்டு பாழாப் போய், 2012லதான் இடிச்சு முடிச்சாங்க. பேய் மியூசிக் போடணும் எண்டா தம்பி அதுக்குப் போடணும். ஸ்பென்சர் பிளாசா திறந்து முப்பது வருஷம் தாண்டியும் கடை நடக்குது. சோறு சாப்பிடுற அம்மா இருக்கா.

இப்ப சிக்கலான இடத்துக்கு வாறேன். மேல்மாடிக்கு ஆக்களை ஏத்துறதுக்கு வழி ஒண்டும் ரகசியம் இல்ல. மேல ஒரு தியேட்டரை வை. சாப்பாட்டுக் கடைகளை மேல வை. எக்ஸ்பிரஸ் அவென்யூ அதைத்தான் செஞ்சுது. எஸ்கேப் தியேட்டர் வந்திச்சு, சாப்பாட்டுக் கூடம் மேல இருந்திச்சு. படம் பார்க்கப் போறவன் எல்லா மாடியையும் தாண்டித்தான் போகணும். தாண்டிப் போறவன் ஒரு சப்பாத்தையாவது திரும்பிப் பார்ப்பான். ஸ்பென்சர்ல தியேட்டர் இல்ல.

அப்ப பிறகாவது ஒண்டு வைக்கலாமே? மேல பத்து இருபது கடையை உடைச்சுச் சேர்த்து ஏதாவது பெரிசாச் செய்யலாமே?

யார் செய்யிறது?

அதுதான் விஷயம். ஸ்பென்சர் பிளாசாவில பெரும்பாலான கடைகளைத் தனித்தனியா வித்திட்டாங்க. ஒவ்வொரு பெட்டிக் கடைக்கும் ஒரு முதலாளி. ஒருத்தர் சௌகார்பேட்டையில, ஒருத்தர் துபாய்ல, ஒருத்தர் செத்துப் போய் மூண்டு பிள்ளைகளும் வழக்காடிக்கிட்டு இருப்பாங்க. இப்பிடி நூத்துக்கணக்கில. அந்தக் காலத்தில கட்டினவங்களுக்கு இது நல்ல யோசனை. கடையை வித்த காசிலேயே அடுத்த ஃபேஸைக் கட்டலாம், வங்கிக்கு வட்டி இல்ல. வாங்கினவங்களுக்கும் சந்தோஷம். மவுண்ட் ரோட்டில சொந்தக் கடை எண்டா சும்மாவா!

ஆனா மால் எண்டா கடைகளைச் சேர்த்து வச்சது மட்டும் இல்லையே. எந்தக் கடைக்குப் பக்கத்தில எந்தக் கடை வரணும், எந்த மாடியில என்ன இருக்கணும் எண்டு ஒரு ஆள் தீர்மானிக்கணும். வாடகைக்கு விடுற மால்ல நஷ்டத்தில ஓடுற கடையை எடுத்திட்டு வேற கடையைப் போடுவாங்க, பெரிய பிராண்ட் வாறான் எண்டா அவனுக்கு வாடகையைக் குறைச்சுக் குடுத்துக் கூட்டி வருவாங்க, ஏன் எண்டா அவனால வாற கூட்டம் மத்தக் கடைகளுக்கும் பரவும். வித்த மால்ல அந்தக் கணக்கே போட ஏலாது. எனக்கு முன்னால உள்ள கடையைப் பூட்டிட்டு அவர் துபாய்ல இருந்தா, என்ட யாபாரம் படுக்குது, நான் என்ன செய்யிறது? அவருக்கு ஃபோன் பண்ணி "அண்ணே, தயவு செஞ்சு லைட்டையாவது போடுங்க" எண்டு கெஞ்சலாம். அவ்வளவுதான்.

இதை நான் மண்டைக்குள்ள உருட்டிக்கிட்டு இருக்கேக்கதான் எம்சி ஞாபகம் வந்திச்சு.

எம்சி எண்டா பம்பலப்பிட்டி மெஜெஸ்டிக் சிட்டி. கொழும்புக்குப் போற எங்கட பக்கத்துப் பிள்ளைகளுக்கு 90கள்ள உலகம் எண்டா அதுதான். சிலாபத்தில ரயில் ஏறி கோட்டையில இறங்கி, கரையோர ரயில் மாறி பம்பலப்பிட்டியில இறங்கினா கடல் ஒரு பக்கம், எம்சி மத்தப் பக்கம். (புத்தளம் லைன் ரயில்ட வேகத்தில கோட்டைக்குப் போறதுக்குள்ள படம் முடிஞ்சிடும். அதனால பஸ்தான்.) முதல்ல அந்த இடத்தில மெஜெஸ்டிக் எண்டு தியேட்டர்தான் இருந்திச்சு, சிலோன் தியேட்டர்ஸ்காரங்கட. அவங்கதான் அதை மாலாக்கினாங்க. சினிமாக்காரங்க எண்டபடியால சினிமாவை விடல. தியேட்டரை மேல கொண்டு போய் வச்சாங்க. சாப்பாட்டுக் கடைகளை ஆக அடியில வச்சாங்க. படம் பார்த்திட்டுப் பசிச்சா மேல இருந்து அடி வரைக்கும் இறங்கணும், எல்லாக் கடையையும் பார்த்துக்கிட்டே! குரூன் கூட இதை யோசிச்சிருக்க மாட்டார்.

எம்சியும் இப்ப பழைய எம்சி இல்ல. 2018ல கொழும்பு சிட்டி சென்டர், 2019ல வன் கோல் ஃபேஸ், பிறகு ஹேவ்லொக் சிட்டி எண்டு பளபளப்பு கூடிட்டுது. வன் கோல் ஃபேஸ் திறந்த வருஷத்தைப் பாருங்க. ஏப்ரல்ல ஈஸ்டர் குண்டுவெடிப்பு, நவம்பர்ல மால் திறப்பு, அடுத்த மார்ச்ல ஊரடங்கு. நல்ல நேரம் பார்த்துக் குடுத்த சாத்திரியாரைத் தேடிப் பிடிக்கணும். இருந்தும் அது ஓடுது. எம்சியும் ஓடுது. வாடிக்கையாளர் மாறியிருக்கலாம், ஆனா ஒரே கம்பனி கையில இருக்கிறதால, சரியில்ல எண்டா சரி பண்ண ஒரு ஆள் இருக்கு. திட்டுறதுக்கும் ஒரு ஆள் இருக்கு. ஸ்பென்சர்ல யாரைத் திட்டுவீங்க?

இதை எல்லாம் நான் இவ்வளவு தீவிரமா யோசிக்கக் காரணம் வேற. எங்க சித்திட மகன் ஒருத்தன் இத்தாலியில இருக்கான். (வென்னப்புவ, மாரவில பக்கம் இத்தாலி போகாத வீடே குறைவு, உங்களுக்குத் தெரியும்தானே.) பதினஞ்சு வருஷமா ஒரு கிழவியைப் பார்த்துக்கிற வேலை செஞ்சு சல்லி சேர்த்திருக்கான். அவன்ட வாட்ஸ்அப்புக்கு யாரோ ஒரு புரோஷர் அனுப்பியிருக்காங்க. நீர்கொழும்புப் பக்கம் புதுசா வரப்போற ஷொப்பிங் கொம்ப்ளெக்ஸ். படத்தில எல்லாரும் வெள்ளைக்காரங்க, கையில ஆளுக்கு நாலு பேக். ஒரு இடத்திலயும் புறா இல்ல.

"அக்கா, ரெண்டாம் மாடியில ஒரு கடை எடுக்கவா? கீழ் மாடியை விட நல்லாக் குறைச்சுக் குடுக்கிறாங்க."

குறைச்சுத்தான் குடுப்பாங்கடா!

நான் சில கேள்வி எழுதி அனுப்பினேன், அவங்ககிட்ட கேளு எண்டு. எத்தனை கடையை விக்கிறீங்க, எத்தனையை நீங்களே வச்சு வாடகைக்கு விடுறீங்க? ஆக மேல என்ன வரும்? அதுக்கு ஆள் கையெழுத்துப் போட்டாச்சா, இல்ல படத்தில மட்டும்தானா? டொயிலட் கழுவுறது யார்? லிஃப்ட் பழுதானா யார் காசு? ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊத்துறது?

கடைசிக் கேள்விக்கு அவன் சிரிச்சான். அவன் 2022ல இங்க இல்ல. அந்த வருஷம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும் அது சிரிக்கிற கேள்வி இல்ல எண்டு. கீழ் மாடிக்காரன் கதவைத் திறந்து வச்சுப் பகல் வெளிச்சத்தில வித்திட்டான். ரெண்டாம் மாடிக்கு வெளிச்சம் எங்க? டீசலுக்கு எல்லாரும் பங்கு போடணும். பூட்டின கடைக்காரன் போட மாட்டான். போடாதவன்ட பங்கையும் சேர்த்துத் திறந்திருக்கிறவன் போடணும். கொஞ்ச நாள்ல அவனும் கணக்குப் பார்த்துப் பூட்டுவான். இலங்கையில இப்பிடிப் பங்கு போட்ட கட்டிடங்களுக்கு எண்டு 1973ல இருந்தே சட்டம் இருக்கு, முதலாளிமார் சேர்ந்து நிர்வாகச் சபை வைக்கணும், பராமரிப்புக் காசு கட்டணும், எல்லாம் எழுத்தில இருக்கு. இத்தாலியில இருக்கிறவன் கூட்டத்துக்கு வருவானா? சொல்லுங்க.

"அப்ப ஸ்பென்சர்ல கடை வாங்கினவன் எல்லாம் நட்டப்பட்டானா அக்கா?" எண்டு கேட்டான். நல்ல கேள்வி. அப்பிடியும் இல்ல. கீழ, வாசலுக்குக் கிட்ட, 90கள்ளேயே வாங்கினவன் நல்லா உழைச்சிருப்பான். மேல கடைசியில வாங்கினவன்தான் மாட்டினான். எல்லா இடத்திலயும் புரோஷர் வாறது அந்தக் கடைசி ஆளுக்குத்தான், முதல் ஆள்கள் தங்களுக்குள்ளேயே எடுத்துக்குவாங்க.

கொஞ்ச நாள் சத்தம் இல்ல. பிறகு ஒரு வொய்ஸ் மெசேஜ். அவங்ககிட்ட கேட்டானாம். டீசல் கேள்வியைக் கேட்டதும் அந்தப் பக்கம் பேசின பிள்ளை "மனேஜரிட்ட கேட்டுச் சொல்றேன்" எண்டுதாம். மனேஜர் இன்னும் யோசிக்கிறார் போல.

இப்ப மாதம்பைப் பக்கம் தென்னங்காணி பார்க்கிறேன் எண்டு சொல்றான். மாடியே இல்லையாம், ஏறுறதுக்கு ஆள் இருக்காம். தேங்காய் விலை, கூலி, வெள்ளை ஈ எண்டு அதுக்கும் நான் ஒரு லிஸ்ட் எழுதிக்கிட்டு இருக்கேன். தம்பி இதைப் படிச்சா, காணிக்கு அட்வான்ஸ் குடுக்க முதல் எனக்கு ஒரு கோல் எடு.